நல்ல தண்ணீருக்கு அடிக்காத மணி

"ஒரு பதவியை நீக்குமுன், அந்தப் பதவிக்குரிய வேலை இனி யாரால் அல்லது எதனால் நடைபெறும் என்பதைப் பொறுப்பு அலுவலர் வேலை நடக்கும் இடத்துக்கே சென்று, நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும்." எங்கள் நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. 'இடத்துக்கே' என்று அழுத்தி எழுதியவர், நாற்காலியை விட்டு எழாத அதிகாரிகளை நிறையப் பார்த்து நொந்தவராக இருக்க வேண்டும். அவர் நொந்ததுதான் மிச்சம்.

அறுபதுகளின் நடுவில் நான் கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் பஸ் நின்று போகும் ஒரு சிறிய ஊரில், பஞ்சாயத்து அலுவலக எழுத்தராக இருந்தேன். பிற்பாடு பெரிய அலுவலகங்களில் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். எந்த விதியைக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் எந்த விதியும் தானாக எழுந்து நடந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஊரில் தோண்டிய கிணறு எல்லாம் உப்பு. குளிக்க, துவைக்க, கழுவ உப்புத் தண்ணி. குடிக்க மட்டும் நல்ல தண்ணி. அரை மைல் தள்ளி ஓடைக்கரையில் இருந்த கிணற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றி, கடைவீதிக்குப் பின்னால் இருந்த உயரமான தொட்டியில் நிரப்பி, குழாயடியில் திறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்பிவிட்டது என்று ஓடைக்கரையில் இருக்கும் மோட்டார்க்காரருக்கு எப்படித் தெரியும்? அதற்கென்று ஓர் ஆள் உண்டு. தொட்டிக் காவலர் என்று பதவிப் பெயர். அவர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்து, நிரம்பியதும் ஒரு சிவப்புத் துணியை ஆட்ட வேண்டும். நடுவில் மறைக்க மரம் கிடையாது, வெறும் கரிசல். துணியைப் பார்த்ததும் மோட்டார்க்காரர் சுவிட்சை அணைப்பார். அரசாங்கம் இதைத் தகவல் தொடர்பு என்று கருதிச் சம்பளம் கொடுத்துவந்தது.

தொட்டிக் காவலரைப் பற்றி உயர்வாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. விளாத்திகுளம் பக்கத்து கிராமத்தில் மிளகாய் போட்டு, மழை ஏமாற்றி, நிலத்தை விட்டு வந்தவர். தொட்டியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் படுத்துக்கொள்வார். சூரியன் நகர நகர அவரும் நகர்வார். நாள் முழுதும் அவர் செய்த உடலுழைப்பு பெரும்பாலும் அதுதான். ஆனால் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதும், அந்த வீட்டில் மாதம் தவறாமல் வரும் ஒரே சம்பளம் இதுதான் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஒரு காற்றுக்காலத்தில் கரிசல் புழுதி எழும்பி, அவர் துணி ஆட்டியது தெரியாமல் போய்விட்டது. ஆட்டினாரா என்பதே சந்தேகம், அது வேறு விஷயம். தொட்டி வழிந்து, கடைவீதி முழுக்கச் சேறாகி, பருத்தி வண்டி ஒன்று அச்சு வரை இறங்கிவிட்டது. நல்ல தண்ணி மண்ணில் ஓடுவதைப் பார்த்த பெண்கள் குடத்தோடு அலுவலக வாசலுக்கு வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கு எங்கள் நிர்வாக அதிகாரிக்கு ஒரு யோசனை பிறந்தது. அவருக்கு யோசனை பிறப்பது ஊருக்கு நல்லதில்லை என்பது என் அனுபவம். என்னைக் கூப்பிட்டார்.

"என்ன வே, சாயங்காலம் ஆனா நீரு கம்பியப் பொசுக்கிக்கிட்டு உக்காந்திருக்கீராமே. தொட்டி நெறஞ்சா அதுவே மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணித் தாரும்."

அவருடைய கணக்கு எனக்குப் புரிந்தது. கருவி வந்தால் ஒரு பதவி குறையும். பதவி குறைத்த அதிகாரி என்று மாவட்ட அலுவலகத்தில் பெயர் வரும். தண்ணீர் வழிவதைப் பற்றி அவருக்குக் கவலை ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்குத் தண்ணீர் பியூன் தலையில் குடத்தோடு போனது.

மின்னணுவியலில் நான் அப்போது கடைந்தெடுத்த கற்றுக்குட்டி. கோவில்பட்டியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலப் புத்தகம், ஈயத்தால் கம்பி ஒட்டும் ஒரு சால்டரிங் அயர்ன், மதுரை ரேடியோ கடையில் வாங்கிய நாலைந்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். என் மூலதனம் அவ்வளவுதான். ஆனால் தத்துவம் புரிந்துவிட்டது. ஏனென்றால் அது அலுவலகத் தத்துவம். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால். ஒரு காலில் துளி மின்சாரம் கொடுத்தால், மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே அதைப் போல ஐம்பது மடங்கு மின்சாரம் ஓடும். கீழே எழுத்தன் தலையை அசைத்தால் மேலே கையெழுத்து விழுவது போல. அந்த மூன்று கால்களில் ஒன்றுக்குப் பெயர் கலெக்டர் என்றதும் நிர்வாக அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்தத் துளி மின்சாரத்தைத் தருவது தொட்டித் தண்ணீர். தொட்டியின் வாயருகே இரண்டு பித்தளைக் கம்பிகள். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டால், தண்ணீர் வழியே கொஞ்சம் மின்சாரம் கசிந்து டிரான்சிஸ்டரைத் திறக்கும். அது ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சை இழுக்கும். ரிலே, மோட்டார் அறையில் உள்ள மணியை அடிக்கும். புத்தகம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னது: சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுக்க மூடியிருக்க வேண்டும், அரைகுறையாகத் திறந்து நின்றால் சூடேறிக் கெட்டுவிடும். எங்கள் அலுவலகம் முழுவதும் அரைகுறையாகத் திறந்து நின்றபடியே பல வருடம் ஓடியது. மனிதர்கள் ஜெர்மானியத்தை விடத் தாங்குவார்கள் போலிருக்கிறது.

முதல் டிரான்சிஸ்டர் ஒரே நாளில் செத்தது. ரிலேச் சுருளுக்கு மின்சாரம் நின்றதும், அது கழுதை போல் பின்னால் உதைக்கும். உதையை வாங்கிக்கொள்ள மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்றைக் குறுக்கே போட வேண்டும் என்று வரைபடத்துக்கு அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. முன்பக்கத்தில் போட்டால் யாருக்கு நஷ்டம் என்று தெரியவில்லை.

டயோடு போட்டு, தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தை விடுகிறது என்று பார்க்க, எனக்கு அறை வாடகைக்கு விட்டவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். அவர் கீழே இரும்புக்கடை வைத்திருந்த பாய். மேலே நான் வாடகைக்கு இருந்தேன். மணியும் கம்பியும் அவர் கடைச் சரக்குத்தான். பானைக்கு நேரே போன என் கையை அவர் தடுத்துவிட்டார்.

"என்ன தம்பி, நல்ல தண்ணியில கம்பிய முக்கியா வெளையாடுதீங்க? அங்கன வாளி நெறைய உப்புத் தண்ணி கெடக்கு, அதுல முக்குங்க. கரண்டுக்கு ருசியா தெரியப் போவுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வட்டாரத்தில் பிறந்தவன் எவனுக்கும் அது நியாயமாகத்தான் படும். தாகத்துக்கு இல்லாத காரியத்துக்கு நல்ல தண்ணியைத் தொடுவது எங்கள் பக்கம் சோற்றைக் காலால் தள்ளுவதற்குச் சமம். வாளியில் முக்கினேன். ரிலே டக்கென்று இழுத்தது. மணி கணீரென்று அடித்தது. பாய் கடைக்கு வந்த ஆட்களெல்லாம் மாடிக்கு ஏறி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாள் நிர்வாக அதிகாரியின் மேஜையில் செயல்விளக்கம். பியூனைத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். பியூன் கை கழுவும் வாளியிலிருந்து மொண்டு வந்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தானே. மணி அடித்தது. அதிகாரி நாற்காலியை விட்டு எழாமலே பேனாவை எடுத்து, 'நேரில் பார்வையிட்டுத் திருப்தியடைந்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதவியை நீக்கலாம் என்று அவர் எழுதியதற்கு மாவட்ட அலுவலகம் வியக்கத்தக்க வேகத்தில் சம்மதித்தது. பதவி கேட்டால்தான் அங்கே கோப்புத் தூங்கும். விட்டுக்கொடுத்தால் ஓடி வரும்.

கருவி தொடங்கும் நாளிலிருந்து துணி ஆட்டக்கூடாது, மாதக் கடைசியோடு வேலை இல்லை என்ற அறிவிப்பை நான்தான் எழுதினேன். நான்தான் தொட்டிக் காவலரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், இந்தப் பெட்டி ஏணி ஏறுமா?"

ஏற வேண்டியதில்லை, மேலேயே இருக்கும் என்றேன்.

"என்னையும் மேலேயே இருக்கச் சொல்லியிருந்தா இருந்திருப்பனே சார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இனி எங்கே போவது என்று மட்டும் கேட்டார்.

பெட்டியை மோட்டார் அறையில் வைக்கலாம் என்றேன். ஊர் கண்ணில் பட வேண்டும் என்று அதிகாரி அதைத் தொட்டியின் மேலேயே வைக்கச் சொன்னார். தகரப் பெட்டி. அதற்குக் கறுப்புச் சாயம் பூசி, வெள்ளை எழுத்தில் தம் பெயரையும் பதவியையும் எழுதச் சொன்னார். தொடக்க விழாவுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வந்தார், மாலை வந்தது, மேளம் மட்டும் வரவில்லை. மோட்டார் ஓடியது. எல்லாரும் மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் திரும்பி நின்றார்கள். தண்ணீர் முதலில் தலைவரின் துண்டில் விழுந்தது. பிறகு எல்லார் மேலும் விழுந்தது. மணி அடிக்கவில்லை.

தொட்டிக் காவலர் சிவப்புத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். ஏன் ஆட்டவில்லை என்று அதிகாரி கத்தினார்.

"இன்னையிலேருந்து துணி ஆட்டக்கூடாதுன்னு ஆர்டர்ல போட்டிருக்குய்யா. சார்தான் வாசிச்சுக் காட்டினாவ."

போட்டிருந்தது உண்மை. விதியை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்த அரசு ஊழியரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். கம்பிகள் தண்ணீருக்குள் நன்றாக முங்கியிருந்தன. கையில் அள்ளி ஒரு வாய் குடித்தேன். இனிப்பான நல்ல தண்ணி. உப்பு இருந்தால்தான் தண்ணீரில் மின்சாரம் தாராளமாக ஓடும். நல்ல தண்ணியில் பெயருக்குத்தான் ஓடும். அந்தச் சொற்ப மின்சாரத்துக்கு என் டிரான்சிஸ்டர் கண்ணையே திறக்கவில்லை. ஆக, கரண்டுக்கு ருசி தெரியும். எங்கள் ஊரில் மூன்று பேர், பாயும் பியூனும் நானும், நல்ல தண்ணியைச் சிக்கனம் பண்ணி அதைக் கண்டுபிடித்தோம். வேறு எந்த ஊரானாலும் முதல் டம்ளரிலேயே தெரிந்திருக்கும்.

விஷயத்தை விளக்கியதும் அதிகாரிக்கு இன்னொரு யோசனை பிறந்தது.

"அப்ப தொட்டியில ஒரு மூட்டை உப்பைக் கொட்டினா என்ன வே?"

சில கேள்விகளைக் கோப்பில் வைத்து மூடிவிட வேண்டும்.

இரண்டாவது வரைபடம் போட்டேன். ஒரு டிரான்சிஸ்டர் திறந்துவிடும் மின்சாரத்தை இன்னொரு டிரான்சிஸ்டரின் வாயில் ஊட்டினால், ஐம்பது மடங்கு மறுபடி ஐம்பது மடங்காகும். இந்த முறை பாயின் காலைப் பிடிக்காத குறையாக ஒரு டம்ளர் நல்ல தண்ணி வாங்கி, சோதித்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே குடித்தும் விட்டேன். தொட்டியில் மாட்டினேன். விடியற்காலையில் தொட்டி நிரம்பியதும் மணி அடித்தது. மோட்டார்க்காரர் அணைத்தார். கற்றுக்குட்டிக்கு அதைவிடச் சந்தோஷம் வேறென்ன? அது பத்து மணி வரை நீடித்தது.

உச்சிவெயில் ஏற ஏற, தொட்டி காலியாக இருக்கும்போதே மணி அடிக்க ஆரம்பித்தது. அடித்ததும் மோட்டார்க்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். மணி அடித்தால் அணைக்க வேண்டும் என்பதுதானே அவருக்கு இட்ட உத்தரவு. குழாயில் காற்று வந்தது. சித்திரை வெயிலில் வரிசையில் நின்ற பெண்கள், ஏட்டி, தண்ணி இல்லாததுக்கு மணி அடிச்சு வேற சொல்லுதானுவ பாரு என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள்.

புத்தகத்தைப் புரட்டினேன். ஜெர்மானியம் சூடானால் யாரும் சொல்லாமலே தானாகக் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவையும் என் இரண்டாவது டிரான்சிஸ்டர் விசுவாசமாக ஐம்பது மடங்காக்கிவிட்டது. கொடுத்திருந்த அளவுகள் எல்லாம் இருபத்தைந்து டிகிரிக்கு என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இருபத்தைந்து டிகிரி என்பது எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலை. கறுப்புச் சாயம் பூசிய தகரப் பெட்டிக்குள் சித்திரை மத்தியானம் என்ன டிகிரி இருக்கும் என்பதை அந்தப் புத்தகத்தை எழுதியவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் அதிகாரிக்கு வாழ்க்கையிலேயே உருப்படியான ஒரு யோசனை வந்தது. அவர் வெற்றிலை போடுகிறவர். மேஜைக்கு அடியில் ஈர மணல் நிரப்பிய பானைக்குள் ஒரு சின்னக் கலயம் வைத்து, வெற்றிலையை அதில் வைத்திருப்பார்.

"வெத்தல வாடாம இருக்குல்லா. ஒம்ம டிரான்சிஸ்டர் என்ன வெத்தலைய விட ஒசத்தியா வே?"

சைக்கிள் டியூப்பில் பொதிந்த என் மின்சுற்று கலயத்துக்குள் போயிற்று. கலயம் ஈர மணலுக்குள் போயிற்று. எங்கள் பக்கத்து வறண்ட காற்றில் பானை நன்றாகக் குளிர்ந்தது. மத்தியானத்திலும் மணி வாயை மூடிக்கொண்டு இருந்தது. தம் பெயர் எழுதிய பெட்டி போய்ப் பானை வந்ததில் அதிகாரிக்கு மனத்தாங்கல்தான். பானை மேல் பெயர் எழுதலாமா என்று கேட்டார். பானையில் பெயர் எழுதுவது சுடுகாட்டில் அஸ்தி எடுக்கும்போதுதான் என்று எடுத்துச் சொன்னதும் விட்டுவிட்டார்.

பானை இருந்தால் மணலை நனைக்க வேண்டும். காலையில், உச்சியில், பிறகு வெயில் சாயும் முன். அதற்கு ஒருவர் ஏணியில் ஏற வேண்டும். ஊரில் அந்த ஏணியில் ஏறத் தெரிந்த ஆளுக்கு மாதக் கடைசியோடு வேலை முடிகிறது.

அதிகாரியால் நீக்கிய பதவியைத் திரும்பக் கேட்க முடியவில்லை. ஆளே தேவையில்லை என்று நேரில் பார்த்துச் சான்று கொடுத்தவர் அல்லவா. வரைவை நான்தான் எழுதினேன். 'தானியங்கிக் கருவி ஈரப் பராமரிப்பாளர்' என்று ஒரு புதிய பதவி வேண்டும் என்று கேட்டு, கருவி செவ்வனே இயங்குவதாலேயே இந்தப் பதவி அவசியமாகிறது என்றும் சேர்த்தேன். வாசித்துக் காட்டியபோது தொட்டிக் காவலர் கேட்டது ஒன்றுதான்: பேர் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், சம்பளம் பழைய பேருக்கா புதுப் பேருக்கா?

பதில் வரும் வரை அவரை வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. முப்பது நாளுக்கு மிகாமல் தினக்கூலிக்கு ஆள் வைக்க நிர்வாக அதிகாரிக்கே அதிகாரம் உண்டு. மிகாமல் இருக்க, நடுவில் ஒருநாள் முறிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் தேதி அவரை நியமிப்பேன். மாதக் கடைசியில் நீக்குவேன். முதல் தேதி அவர் யாரோ, நாங்கள் யாரோ. அன்றைக்குப் பானை காய்ந்து, வெயில் மாதமானால் மத்தியானமே மணி அடித்து, ஊர் தண்ணீர் இல்லாமல் தவிக்கும். அவர் தொட்டி நிழலில் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்கிற பெண்களிடமெல்லாம், இன்னைக்கு நான் வேலையில இல்லம்மா, நாளைக்கு வாங்க என்பார். மற்ற நாட்களில் பானையை நனைக்க மேலே ஏறுகிறவர், ஏறியதற்குத் துணியையும் ஆட்டிவிட்டு இறங்குவார். மோட்டார்க்காரரும் பழக்கத்தில் துணியைப் பார்த்தே அணைப்பார். மணி சும்மா ஒரு மரியாதைக்கு அடித்துக்கொண்டிருந்தது.

நினைவூட்டுக் கடிதம் போனது. நினைவூட்டுக்கு நினைவூட்டு போனது. மழைக்காலம் வந்து, பானையே தேவைப்படாத குளிரில் அவர் கடமை தவறாமல் பானையை நனைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் ஒருநாள் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். இரண்டாவது டிரான்சிஸ்டரின் வாய்க்கும் எமிட்டர் என்ற காலுக்கும் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்தால், வெயிலில் கசிவது அதன் வழியே வடிந்துவிடும், மணி தானாக அடிக்காது, பானை வேண்டாம். பானை வேண்டாம் என்றால் ஆளும் வேண்டாம். அந்த அளவு ரெசிஸ்டர் என் மேஜை இழுப்பறையில், குண்டூசிகளுக்கு நடுவில் கிடந்தது. சால்டரிங் அயர்னை நான் சூடாக்கவில்லை. கருவியில் மாற்றம் செய்ய எனக்கு எழுத்து மூலமான உத்தரவு எதுவும் இல்லை.

அடுத்த வெயிலும் வந்து போனது. காற்றுக்காலத்தில் ஒரு முதல் தேதி, பெண்கள் வாசலில் குடத்தோடு நிற்க, தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். பிரித்தேன். பதவி ஒப்பளிக்கப்பட்டிருந்தது. அடியில் ஒரு பத்தி: இவ்வுத்தரவு அலுவலகத்தில் கிடைக்கப்பெறும் நாளில் அப்பணியில் இருப்பவரே அப்பதவியில் தொடர்வார், அந்நாளில் பணியில் எவரும் இல்லாவிடில், பதவி தேவையற்றதெனக் கருதிக் கைவிடப்படும்.

ஜன்னல் வழியே பார்த்தேன். தொட்டி நிழலில், பணியில் இல்லாத அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அதிகாரியின் குரல் வந்தது. "தபால் வந்துட்டா வே?"

"தபால்காரர் வந்துட்டுப் போனார். தபால் இன்னும் வரவில்லை."

ஓர் உறை எந்த நிமிடம் அலுவலகத்துக்கு வந்து சேர்கிறது என்பது அதன் மேல் விழும் வரவு முத்திரையைப் பொறுத்தது. முத்திரை எழுத்தரின் பொறுப்பில் இருந்தது. உறையை ரெசிஸ்டர் கிடந்த இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக அவருடைய நியமனத்தை எழுதி, கையெழுத்து வாங்கி, அவர் ஏணியில் ஏறிப் பானையை நனைப்பதை இடத்துக்கே போய் நேரில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகு இழுப்பறையைத் திறந்து, முத்திரையின் தேதிச் சக்கரத்தைத் திருப்பி, உறையின் மேல் அழுத்தினேன். மாவட்ட அலுவலகத்தின் பதில் எங்களுக்கு வந்து சேர்ந்தது ஜூலை இரண்டாம் தேதி.